டிரம்ஸ் பழக எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு), ஸ்னேர் (முன்னால் வைத்துக் கையால் அடிக்கும் டிரம்), கிக் (கால் பெடலால் அடிக்கும் பெரிய டிரம்) மூன்றையும் சேர்த்து ஒரு பீட் வாசிக்க வந்துவிட்டால், டிரம்ஸ் பழகுகிற எல்லோரும் அடுத்துக் கேட்பது, "இனி எந்தப் பாட்டுக்கு வாசிக்கலாம்?" என்பதுதான். பெரும்பாலும் பிடித்த பாட்டையே எடுக்கிறார்கள். ஒரே வாரத்தில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் இழுக்கிறது. "எனக்குத் தாளம் வராது போலிருக்கிறது" என்று ஸ்டிக்கைக் கீழே வைத்துவிடுகிறார்கள். தாளம் வராமல் இல்லை. எடுத்த பாட்டில் ஒரே நேரத்தில் நான்கைந்து புது விஷயங்கள் இருந்தன, அவ்வளவுதான். ஆரம்பத்தில் பாட்டுத் தேர்வுக்கு ஒரே ஒரு விதி போதும்: ஏற்கெனவே வருகிற எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், புதிதாக ஒன்று மட்டும் சேர வேண்டும்.

அந்தப் புது விஷயம் எது என்று கண்டுபிடிக்க டிரம்ஸில் உட்கார வேண்டியதில்லை. ஸ்டிக் இல்லாமல் பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை ஸ்னேரை மட்டும் கேட்டு, அது விழும் இடத்தில் கை தட்டுங்கள். இரண்டாவது முறை கிக்கை மட்டும் கேட்டு வலது காலைத் தட்டுங்கள். சின்ன ஸ்பீக்கரிலும் போனிலும் கிக் சரியாகக் கேட்காது, அதனால் இதற்கு ஹெட்போன் கட்டாயம் வேண்டும். மூன்றாவது முறை "ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் ஃபோர் அண்ட்" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே, பல்லவி எத்தனை பார் (நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று), இடையிசை எத்தனை பார் என்று ஒரு தாளில் குறியுங்கள். எண்ணிக்கை எங்கே தடுமாறுகிறதோ அந்த இடம்தான் வாசிக்கும்போதும் உடையும். இரண்டு இடத்துக்கு மேல் தடுமாறினால், அந்தப் பாட்டை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடினத்தைக் கையின் வேகத்தை வைத்து அளப்பது வழக்கம். உண்மையில் ஆரம்பத்தில் பாட்டு உடைவது காலில். வலது கை ஹை-ஹேட்டில் ஒரு பாருக்கு எட்டு அடியைச் சீராக வாசித்துக்கொண்டிருக்கும். கிக் "த்ரீ"க்குப் பின்னால் வரும் "அண்ட்"டில் விழ வேண்டிய நொடியில் கை ஒரு அடியை விழுங்கிவிடும், அல்லது இடது கையும் கூடவே துள்ளும். ஆகவே பாட்டுகளைக் கிக்கின் வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் படிக்கு மைக்கேல் ஜாக்சனின் "பில்லி ஜீன்" (1982) அருமையான பாட்டு. கிக் 1, 3-இல். ஸ்னேர் 2, 4-இல். ஹை-ஹேட் எட்டு அடி. ஃபில் (பகுதி மாறும் இடத்தில் பீட்டை விட்டு வாசிக்கும் அலங்கார அடிகள்) அநேகமாகக் கிடையாது. வாசித்தவர் லியான் சான்ஸ்லர். பாட்டு டிரம்ஸில்தான் தொடங்குகிறது என்பதால் உள்ளே நுழையும் இடத்தைத் தேட வேண்டியதும் இல்லை. "இவ்வளவு எளிதா?" என்று தோன்றும். வேகம் ஏறக்குறைய 117 பி.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கை); அதாவது வலது கைக்கு நிமிடத்துக்கு 234 அடி. ஆல்பத்தில் இருக்கும் வடிவம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முழுவதும் வாசித்தால் வலது கை 1,100 அடிக்கு மேல் அடித்திருக்கும், ஒன்றும் முன்னே பின்னே போகக் கூடாது. மூன்றாவது நிமிடத்தில் முன்கை இறுகிக் கல்லாகிறது என்றால் ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்கிறீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் மட்டும் பிடி இருக்கட்டும், மற்ற மூன்று விரல்களும் ஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முதலில் பாட்டை 0.75 மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். 117 என்பது 88 ஆகிவிடும். அதில் முழுப் பாட்டும் வலியில்லாமல் வந்த பிறகுதான் அசல் வேகம்.

இந்தப் பாட்டிலேயே சரிசெய்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. போனை ஆறடி தள்ளி வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்து, ஒன்றாவது எண்ணிக்கையை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கிக்கும் ஹை-ஹேட்டும் ஒரே ஒலியாக "தம்" என்று விழ வேண்டும். "த-தம்" என்று இரண்டாகப் பிளந்து கேட்டால், காலும் கையும் ஒன்றாக இறங்கவில்லை என்று அர்த்தம். வாசிக்கும்போது இது காதில் படாது, பதிவில்தான் தெரியும். அநேகமாகக் கால்தான் பின்தங்கும், ஏனென்றால் பெடலைத் தூக்கித் தயாராக வைக்காமல், அடிக்க வேண்டிய நொடியில்தான் தூக்கத் தொடங்குவோம்.

அடுத்தது குவீன் குழுவின் "அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்" (1980). ஏறக்குறைய 110 பி.பி.எம். கையில் எதுவும் மாறாது. கிக் மட்டும் நான்கு எண்ணிக்கையிலும் விழும். புது விஷயம் இது ஒன்றே: ஸ்னேர் அடிக்கும்போதே கிக்கும் சேர வேண்டும். இடது கையும் வலது காலும் ஒன்றாக இறங்குவது பலருக்கு முதலில் வினோதமாக இருக்கும். கூடவே 2, 4-இல் கிக்கின் சத்தம் தானாக ஏறிவிடும், அதைக் கவனித்து அடக்க வேண்டும்.

மூன்றாவது, அதே குழுவின் "வீ வில் ராக் யூ" (1977). அதில் டிரம்ஸ் செட்டே கிடையாது. காலால் தரையை உதைத்தும் கையைத் தட்டியும் பதிவு செய்தார்கள். அதனால் இதைக் குழந்தைப் பாட்டு என்று நினைத்து முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். கிக்கும் ஸ்னேரும் மட்டும் என்றால் முதல் நாளுக்குப் பொருத்தம்தான். ஆனால் மேலே ஹை-ஹேட்டில் எட்டு அடியைச் சேர்த்துப் பாருங்கள். கிக் 1-இலும் அதன் "அண்ட்"டிலும், பிறகு 3-இலும் அதன் "அண்ட்"டிலும் விழும். அடுத்தடுத்து இரண்டு கிக். முன்பு சொன்ன "கை ஒரு அடியை விழுங்கும்" சிக்கல் இங்கேதான் பளிச்சென்று வெளியே வரும். வேகம் ஏறக்குறைய 81, பாட்டும் இரண்டு நிமிடம்தான். ஒரே நாளில் பத்து முறை வாசிக்கலாம். இரண்டாவது கிக்குக்கு முழுக்காலையும் தூக்கி மிதிக்காமல், முதல் அடியில் பீட்டர் (பெடலில் இருக்கும் சுத்தியல்) தோலில் பட்டுத் திரும்புவதைப் பாதம் பெடலை விட்டு விலகாமல் உணர்ந்து, அடுத்த அடியைக் கணுக்காலால் கொடுக்கப் பாருங்கள். தோலிலேயே பீட்டரை அழுத்திப் புதைத்து வைத்தால் இரண்டாவது அடி எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

இதற்குப் பிறகு ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் "செவன் நேஷன் ஆர்மி" (2003) நல்லது. பீட் எளிது, வேகம் 124-ஐ ஒட்டி. இங்கே புதிது சத்தத்தின் அளவு. அடக்கமாகத் தொடங்கி, பிறகு கிராஷ் என்ற பெரிய தட்டில் முழு வீச்சில் இறங்கி, மறுபடி அடங்க வேண்டும். சத்தம் கூடும்போது வேகமும் கூடிவிடுவதுதான் இந்தப் பாட்டில் பொதுவாக நடக்கிற தவறு. சத்தமான பகுதியை மட்டும், சீரான வேகத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோமோடு தனியாக வாசித்துப் பழகினால் சரியாகும்.

இந்த நான்கு பாட்டுகள் முடியும்வரை ஃபில் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்குப் பின்னும் ஒரு பார் முழுக்க ஃபில் எடுக்காதீர்கள். நான்காவது எண்ணிக்கையில் மட்டும் ஸ்னேரில் நான்கு அடி, "தகதிமி" என்று வாயால் சொல்லிக்கொண்டே. உடனே அடுத்த ஒன்றில் கிராஷும் கிக்கும். வாய் சொல்லும் தகதிமி சீராக இருந்தால் கை தவறாது. பார் முழுக்க ஃபில் எடுக்கிறவர்கள் பதினாறு அடிக்குப் பதில் பதினான்கோ பதினெட்டோ அடித்துவிட்டு, ஒன்று எங்கே என்று தேடுவார்கள். இன்னொன்று: எல்லா ஃபில்லையும் அப்படியே நகல் எடுக்க முயல வேண்டாம். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர்களுக்கு அமைத்த செட்டில் வாசித்தார். டாம்களில் (ஸ்னேரும் கிக்கும் போக செட்டில் உள்ள மற்ற டிரம்கள்) அவர் நகரும் விதம் வலது கைக்காரருக்கு எதிர்த்திசையில் அமைந்திருக்கும். "கம் டுகெதர்" (1969) கேட்க நிதானமாக இருந்தும் கையில் உட்கார மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிதானமான பாட்டு எளிது என்ற நம்பிக்கையால் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். டோட்டோ குழுவின் "ரோசானா" (1982) அவசரமே இல்லாத பாட்டு போல ஒலிக்கும். ஜெஃப் போர்காரோ அதில் வாசித்தது ஹாஃப்-டைம் ஷஃபிள்: ஹை-ஹேட் "தகிட"வில் நடு அட்சரத்தை விட்டுவிட்டு "த-ட, த-ட" என்று ஓடும், ஸ்னேர் மூன்றாவது எண்ணிக்கையில் ஓங்கி விழும், இடையிடையே இடது கை கேட்டும் கேட்காத கோஸ்ட் நோட்டுகளை நிரப்பிக்கொண்டே போகும். பல வருடம் வாசித்தவர்களையே திணறவைக்கும் பீட் அது. ஷஃபிள் இல்லாத பாட்டுகளிலும் 70-க்குக் கீழே வேகம் இறங்கினால், இரண்டு அடிக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை மனதுக்குள் சரியாக அளக்க வேண்டியிருக்கிறது. ஆரம்பத்துக்கு 80 முதல் 125 வரை வசதியான எல்லை.

தமிழ்ப் பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் மேடையில் வாசிக்கப்போவது அதைத்தான். இங்கே இரண்டு சிக்கல். முதலாவது, சினிமாப் பாட்டில் தாளம் அநேகமாக ஒரு ஆள் வாசிப்பதில்லை. டோலக், தபலா, தவில், பறை, கீபோர்டில் போட்ட லூப் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். காதில் விழும் எல்லாவற்றையும் ஸ்னேரிலும் டாமிலும் கொண்டுவர முயன்றால் வாசிப்பு சலசலப்பாகிவிடும். குத்துப் பாட்டுகள் பெரும்பாலும் 6/8, அதாவது ஒரு பாருக்கு ஆறு அடி. அதில் "தகிட தகிட" என்று ஆறையும் ஹை-ஹேட்டில் வையுங்கள். முதல் "த"வில் கிக், இரண்டாவது "த"வில் ஸ்னேர். இவ்வளவு போதும், பாட்டு நிற்கும். தவில் செய்கிற வேலையைத் தவிலே செய்யட்டும்.

இரண்டாவது, பல்லவியிலிருந்து இடையிசைக்கும், அங்கிருந்து சரணத்துக்கும் போகும்போது பீட்டே மாறிவிடும். சரணத்தில் டிரம்ஸ் ஒதுங்கித் தபலா மட்டும் வருகிற பாட்டுகளும் ஏராளம். ஆகவே முதலில் பல்லவியை மட்டும் எடுத்து, எட்டு பாரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வாசியுங்கள். டிரம்ஸ் தனியாகத் தெளிவாகக் கேட்கிற பாட்டு வேண்டுமென்றால் 1980-களின் இளையராஜா பாட்டுகளில் தேடுங்கள். அவருடைய குழுவில் பல்லாண்டுகள் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் ஹை-ஹேட்டை மட்டும் பின்தொடர்ந்து கேட்பதே ஒரு பாடம். ஆனால் ஆட்கள் கூடி நேரடியாக வாசித்த அந்தக் காலத்துப் பதிவுகளில் வேகம் நூல் பிடித்தாற்போல் இருக்காது, ஓரிரு பி.பி.எம். ஏறி இறங்கும். மெட்ரோனோமை முடுக்கிவிட்டு அந்தப் பாட்டையும் ஓடவிட்டால் இரண்டும் பிரிந்து போகும். தவறு உங்களுடையது என்று நினைத்துக் குழம்பாதீர்கள். பழைய பாட்டுக்குப் பாட்டே மெட்ரோனோம். கிளிக் (மெட்ரோனோம் ஒலி) வைத்துப் பதிவான பிற்காலப் பாட்டுகளில் இந்தப் பிரச்சினை இராது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். யூடியூபில் வேகத்தைக் குறைத்தாலும் சுருதி மாறாது, அதுவே போதும். பாட்டிலிருந்து டிரம்ஸை மட்டும் நீக்கித் தரும் மோய்சஸ் போன்ற செயலிகள் உண்டு. ஆனால் டிரம்ஸ் உள்ள அசலோடு ஒட்டி வாசிக்க வந்த பிறகுதான் அதற்குப் போக வேண்டும், இல்லையென்றால் தவறு நடப்பதே தெரியாது. எலக்ட்ரானிக் செட்டில் உங்கள் அடியின் சத்தத்தைப் புளூடூத் ஹெட்போனில் கேட்காதீர்கள். ஒலி தாமதமாக வரும், கை அதைச் சரிக்கட்டப் பார்த்து அவசரப்படும். வயர் ஹெட்போன்தான் சரி. அக்கூஸ்டிக் செட் என்றால், பாட்டு கேட்கவில்லை என்று ஹெட்போனின் ஒலியை ஏற்றிக்கொண்டே போகாமல், வெளிச் சத்தத்தை அடைக்கும் வகையை வாங்குங்கள். காது போனால் திரும்பி வராது.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் தேர்வுக்குப் போகிறவர்களுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நுணுக்கமானது. மூன்று பாட்டு, முதல் இரண்டுக்குத் தலா 25 மதிப்பெண், டெக்னிக்கல் ஃபோகஸ் எனப்படும் மூன்றாவதுக்கு 30, செஷன் ஸ்கில்ஸுக்கு (முன்பு பழகாததை அங்கேயே வாசித்துக் காட்டும் பகுதி) 20. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. பலர் பிடித்த இரண்டு பாட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, 30 மதிப்பெண் பாட்டைக் கடைசி மாதத்தில் தொடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் டெக்னிக்கல் ஃபோகஸ் பாட்டுகளைப் பார்த்து, உங்கள் கால் தாங்குகிற ஒன்றைத் தேர்ந்து அதில் தொடங்குங்கள். மற்ற இரண்டில் ஒன்று, காய்ச்சலோடு போனாலும் வாசிக்க முடிகிற பாட்டாக இருக்கட்டும். தேர்வு அறையில் அதை முதலில் வாசித்தால் கை நடுக்கம் அடங்கும். தேர்வில் பின்னணி இசை டிரம்ஸ் இல்லாமல்தான் ஓடும். நடுவில் தவறினால் நிறுத்தாதீர்கள். ஃபில்லை விட்டுவிட்டு, கிக்கும் ஸ்னேரும் மட்டும் வாசித்தபடி அடுத்த பகுதியின் ஒன்றில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இதையும் வீட்டில் பழக வேண்டும்: பாட்டின் நடுவே வேண்டுமென்றே இரண்டு பார் கையைத் தூக்கிவிட்டு, எண்ணிக்கொண்டே மறுபடி உள்ளே நுழைந்து பாருங்கள்.

ஒரு பாட்டு முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்? அசல் வேகத்தில், டிரம்ஸ் நீக்கிய ஒலியோடு, தொடர்ந்து மூன்று முறை நிற்காமல் வாசித்து, அந்தப் பதிவைக் கேட்கும்போது கிக்கும் ஹை-ஹேட்டும் எங்கும் பிளவுபடாமல் இருந்தால் போதும். மூன்று வாரமாகியும் வரவில்லையென்றால் அந்தப் பாட்டை ஓரம் வைத்துவிட்டு, அதே புது விஷயம் உள்ள, பத்து பி.பி.எம். குறைந்த வேறு பாட்டை எடுங்கள். முடித்த பாட்டுகளையும் விட்டுவிடாமல் வாரம் ஒருமுறை ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். 117-இல் ஒரு பாட்டை முடித்துவிட்டு உடனே 81-க்கு இறங்கி, முதல் பாரிலேயே வேகத்தைப் பிடிப்பது தனிப் பழக்கம். கச்சேரியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் செய்ய வேண்டியதும் அதுதான்.