விறகடுப்பும் குழந்தையின் மூச்சும்

திருவாரூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். காற்று மாசு என்றதும் டெல்லியையும் மணலியையும் நினைத்துக்கொள்ளும் நாம், கண்ணுக்கெட்டிய தூரம் வயலாகக் கிடக்கும் டெல்டாவில் நல்ல காற்றைத்தான் சுவாசிக்கிறோம் என்று நம்பிவிடுகிறோம். வீடு வீடாகப் போய்வரும் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது இருமலும் இளைப்புமாக வருகிறவர்கள் கூடுகிறார்கள். அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசி, கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் பதரும் சுணையும், அங்கங்கே கொளுத்தும் வைக்கோல் என எல்லாம், பனி இறங்கும் விடியற்காலையில் மேலே எழும்ப வழியின்றித் தரையோடு தங்கிவிடுகின்றன. மூட்டை தூக்குகிறவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள்; கரடுமுரடான தூசியைத் தடுக்குமே தவிர, நுண்துகளுக்கு அந்தத் துண்டு போதாது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான அத்துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து, நுரையீரலின் உள்ளே இருக்கும் நுண்ணிய காற்றறைவரை இறங்குகின்றன; அவற்றிலும் மிக நுண்ணியவை இரத்தத்தில் கலக்கின்றன. பெரியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பை அவை கூட்டுவது அதனால்தான். இந்தத் துகள்களின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டின் தர அளவு 40.

குழந்தைக்குச் சளி என்றால் முதலில் மூச்சைத்தான் எண்ணுவேன். அழாத நேரமாகப் பார்த்து, தாயின் மடியிலேயே வைத்துச் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். 2 மாதம் முடிந்து ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் அது வேக மூச்சு. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகையில், நலமாக இருக்கும் குழந்தையே அவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் கூடுதலான காற்றை உள்ளிழுக்கிறது. காற்றறைகளோ பிறந்த பிறகும் பல ஆண்டுகள் பெருகி வளர்கின்றவை. தாயின் இடுப்பில் அமர்ந்து அடுப்பங்கரையில் பொழுதைக் கழிக்கும் பிள்ளையின் நுரையீரல் அந்தப் புகையிலேதான் வளர்கிறது.

பெரியவர்களில் என்னை அதிகம் வருத்துவது, புகையிலையைத் தொட்டே இராத பெண்களுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நான்கு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும் ஒரு மூதாட்டியிடம், "பீடி, சுருட்டு ஏதும் உண்டா பாட்டி?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஏதும்மா? அடுப்பு ஊதினதுதான்" என்றார். ஊதாங்குழலைப் பிடித்துக் குனியும்போது முகத்துக்கும் அடுப்பு வாய்க்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. ஈர விறகானால் கண் எரிந்து நீர் வழிய ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு வயதில் தொடங்கி நாள் தவறாமல் அப்படி ஊதியவர் அவர். புகைபிடிக்கிறவரா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தால், இவரைப் போன்றவர்களின் நோய்க்குக் காரணம் நம் கண்ணில் படாமலே போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தால் எரிவாயு இணைப்பு பல வீடுகளுக்கு வந்துவிட்டது. ஆனாலும் காபியும் குழம்பும் கேஸ் அடுப்பில், உலையும் வெந்நீரும் விறகில் என்பதே நான் பார்க்கும் பல வீடுகளின் நடைமுறை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் சிலிண்டர் விலையைப் பார்த்துச் செய்யும் இந்தக் கணக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றுங்கள், காய்ந்த விறகை வையுங்கள், பற்றவைக்கப் பாலித்தீன் பையைப் போடாதீர்கள், பிள்ளையை அருகில் உட்கார வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கர்ப்பிணியின் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைப்பதாலும், புகைக்கும் குறைந்த பிறப்பு எடைக்கும் தொடர்பு இருப்பதாலும், கர்ப்பப் பதிவின்போது எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்று கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். விறகு என்று சொல்பவர்களின் வீடுகளுக்கு மாமியார் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகிறேன். அடுப்பை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் அவர்தான்.