பட்டி பூசினால் துரு போகாது

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழைய வீட்டு ஷெட்டுகளில் நிற்கும் அம்பாசடர் காரோ பியட் காரோ வாங்குகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். காருக்குள் தரை விரிப்பைத் தூக்குங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகரம் போச்சு. மட்கார்டின் உட்புறத்தையும் பாருங்கள்; அப்பிய செம்மண் ஐப்பசி மழையில் ஊறி, நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஓட்டையைப் பட்டியால், அதாவது பள்ளம் நிரப்பும் பசையால், அடைப்பது தண்டம். பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்னால் துரு தின்றுகொண்டே இருக்கும், அடுத்த மழைக்குள் பெயிண்ட் கொப்புளிக்கும். பளிச்சென்ற தகரம் வரும்வரை வெட்டி எடுங்கள். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். 20 கேஜ் தடிமன் தகரத்தில் ஒட்டுத் துண்டு வெட்டி, மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வரும் மின் வெல்டிங்) அங்குலத்துக்கு ஒரு புள்ளி, எதிரெதிர் பக்கம் மாற்றி மாற்றி வையுங்கள். சூடு ஆறிய பிறகே இடைவெளியை நிரப்ப வேண்டும். ஒரே இழுப்பில் ஓட்டினால் தகரம் நெளியும்; கேஸ் வெல்டிங் இன்னும் மோசம். தகர வேலை செய்யும் டிங்கர் அவசரப்படுவார், விடாதீர்கள்.

மேல்துருவுக்குக் கம்பி பிரஷ், பிறகு பாஸ்பாரிக் அமிலக் கரைசல். அமில மிச்சம் இருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) உரியும். கழுவி, முழுக்கக் காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். மூட்டுகளுக்கு சீம் சீலர் என்ற அடைப்புப் பசை. பெயிண்ட் முடிந்ததும் பெட்டிச் சட்டத்துக்குள் நீளக் குழாய் விட்டுத் துருத்தடுப்பு மெழுகு அடித்து, கதவடி வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.