ஒரே குரல், இரண்டு நாட்டு உச்சரிப்பு: ஓஇடி கேட்டல் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஏற்காட்டிலிருந்து சேலத்து மருத்துவமனை ஒன்றுக்குச் செவிலியர் பணிக்காக நாள்தோறும் பேருந்தில் இறங்கி ஏறிய காலத்தில், மருத்துவத் துறையினரின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஓஇடி (OET) தேர்வுக்குப் படித்தேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெறக் கேட்டலில் 350 மதிப்பெண் வேண்டும். முதல் முறை அதில்தான் தவறினேன். மொத்தம் 42 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். நோயாளி பேசியதில் எனக்குத் தெரியாத சொல் எதுவும் இல்லை. ஆனால் ஆஸ்திரேலிய உச்சரிப்பில் 'பெயின்' என்பது என் காதில் 'பைன்' என்று விழுந்தது. அது என்ன மரம் என்று யோசித்த நேரத்தில் அடுத்த இரண்டு விடைகள் கடந்துவிட்டன.

இரண்டாம் முறைக்கு நான் தேர்ந்தெடுத்த வழி, வேற்று நாட்டு உச்சரிப்பில் நடித்த தொலைக்காட்சி நடிகர்களைக் கேட்பது. 2004 முதல் 2012 வரை ஒளிபரப்பான 'ஹவுஸ்' தொடரில் அமெரிக்க மருத்துவராக நடித்த ஹியூ லாரி, ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த ஆங்கிலேயர். நமீபியாவில் ஒரு விடுதிக் குளியலறையில் பதிவு செய்து அவர் அனுப்பிய ஒத்திகையைப் பார்த்த இயக்குநர் பிரயன் சிங்கர், அவரை அமெரிக்கர் என்றே நம்பிவிட்டார். இத்தகைய நடிகரின் தொடர்க் காட்சியில் அரை நிமிடத்தையும், அவர் தம் சொந்தப் பேச்சில் அளித்த நேர்காணலில் அரை நிமிடத்தையும் அடுத்தடுத்துக் கேட்டு, இரண்டையும் எழுத்தில் இறக்கினேன். குரல் மாறாமல் உச்சரிப்பு மட்டும் மாறுவதால், எந்த ஒலி எங்கே மாறுகிறது என்பது தனியே துலங்கியது. 'ஹார்ட்', 'நர்ஸ்' ஆகியவற்றில் அமெரிக்கராக நடிக்கும்போது அழுத்தமாக ஒலிக்கும் ரகரம், அவருடைய சொந்தப் பேச்சில் மறைந்து முன்னுள்ள உயிர் நீள்கிறது. 'வாட்டர்' என்பதன் நடு டகரம் அமெரிக்கப் பேச்சில், நாம் 'படம்' என்னும்போது வரும் டகரம்போல் மெலிகிறது. 'தி மென்டலிஸ்ட்' தொடரில் அமெரிக்கராக நடித்த ஆஸ்திரேலியர் சைமன் பேக்கரின் நேர்காணல்களே 'பெயின்', 'எய்ட்' போன்ற சொற்களுக்கு என் காதைப் பழக்கின.

ஒலிகளைவிட நடைதான் கடினம். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் உரிய எடை கொடுத்துப் பழகிய நமக்கு, அழுத்தம் பெறாத அசைகளை ஆங்கிலம் விழுங்குவது பிடிபடுவதில்லை. வேற்றூர் நடிகர் 'ங்க' மட்டும் சேர்த்துக் கொங்குத் தமிழ் பேசினால், அந்த இழுவை இல்லாததைச் சேலத்துக்காரர் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? ஆகவே சொற்களை எழுதியபின், அழுத்தம் விழும் அசைகளின்கீழ் மட்டும் கோடிட்டேன். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தில் காதுக்கு இதே வேலைதான். எழுத்து வரிகளைத் திரையில் அணைத்துவிட வேண்டும். அவை இருந்தால் படிக்கிறோமே தவிரக் கேட்பதில்லை.

பேசுதல் தேர்வுக்கு மட்டும் இந்த நடிகர்களைப் பின்பற்றாதீர்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசினால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று நான் படித்த பயிற்சி மையத்தில் சொன்னார்கள், அது தவறு. பேச்சு தெளிவாகப் புரிகிறதா என்பதுதான் அங்கே அளவுகோல். பதற்றமான நோயாளியிடம் பேசுவதாக அமையும் ஐந்து நிமிட உரையாடலில், கவனம் நாக்கின் மீது அல்லாமல் அந்த நோயாளியின் மீது இருக்க வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் தொடர்களை நிறுத்திவிட்டு, மாதிரித் தேர்வுகளை மட்டும், இடையில் நிறுத்தாமல், ஒரே முறை கேட்டு எழுதினேன். இரண்டாம் முறை கேட்டலில் 350-ஐக் கடந்தேன்.