சிங்கத்தைத் தேடி ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நாள்

முதலில் புலம்பித் தீர்த்துவிடுகிறேன். நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸின் கல்லறை இருக்கும் ஹெடிங்டன் குவாரி என்கிற பகுதிக்கு ஆக்ஸ்ஃபோர்டு நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு டாக்ஸிக்காரர் என்னிடம் 24 பவுண்டு கறந்துவிட்டார். பாதை மூடியிருக்கிறது, சுற்றித்தான் போகவேண்டும் என்றார். நம்ம ஊர்க் காசில் 2,500 ரூபாய்க்கு மேல்! திரும்பும்போது டவுன் பஸ்ஸில் 3 பவுண்டு. நேர் பாதை, எங்கும் எதுவும் மூடியிருக்கவில்லை. இதில் பெரிய கூத்து என்னவென்றால், காலையில் லண்டனிலிருந்து நான் வந்த பேருந்தே ஹெடிங்டன் வழியாகத்தான் வந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நீங்களாவது அங்கேயே இறங்கிவிடுங்கள்.

போனது நார்னியாவுக்காக. அது லூயிஸ் பிள்ளைகளுக்காகக் கற்பனை செய்த மாய உலகம்; 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வெளிவந்த 7 புத்தகங்கள். ஊரே அஸ்லான் சிங்கத்தைக் கொண்டாடும், எனக்கு ரீப்பிச்சீப்தான். இடுப்பில் வாளோடு, உலகத்தின் விளிம்பு வரைக்கும் போய், அதற்கப்பால் தனியாகப் படகு வலித்துப் போகிற எலி அது.

நகரத்துக்குள் எல்லோரும் ஓடுவது செயின்ட் மேரீஸ் சந்துக்கு. அங்கே ஒரு மரக்கதவு, அதன் நடுவில் செதுக்கிய முகம். சிங்கம் என்கிறார்கள், எனக்கு இலை முளைத்த தாத்தா மாதிரிதான் தெரிந்தது. இரு பக்கமும் தங்க நிறத்தில் ஆட்டுக்கால் மனிதர்கள். சற்றுத் தள்ளி ஒரு விளக்குக் கம்பம். ஆட்டுக்கால் மனிதனும் விளக்குக் கம்பமும் நார்னியா கதையிலும் வரும். ஒரு பனி இரவில் இதையெல்லாம் பார்த்துத்தான் லூயிஸுக்கு நார்னியா தோன்றியதாம். வழிகாட்டி சொல்லச் சொல்லக் கூட்டம் வாய் பிளந்து கேட்கிறது. ஆனால் குடையும் பொட்டலங்களுமாகப் பனிக்காட்டில் நடக்கும் ஆட்டுக்கால் மனிதனின் படம் சுமார் 16 வயதிலேயே தன் மனதில் இருந்ததாக லூயிஸே எழுதியிருக்கிறார். அந்த வயதில் அவர் சர்ரேயில் ஓர் ஆசிரியர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பையன். ஆக்ஸ்ஃபோர்டில் கால் வைத்ததே 1916 டிசம்பரில், 18 வயதில். அப்புறம் எந்தக் கதவைப் பார்த்தாராம்? சரி, செல்ஃபி எடுக்க ஆசையிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

ஆர்வக்கோளாறில் டர்கிஷ் டிலைட் என்கிற மிட்டாய் ஒரு பெட்டி வாங்கினேன், 7 பவுண்டு. நார்னியாவின் முதல் புத்தகத்தில் எட்மண்ட் என்கிற பையன் இதற்காகத்தான் அண்ணன், அக்கா, தங்கையை சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கத் துணிவான். பன்னீரில் ஊறிய சோப்பைத் தின்ற மாதிரி இருந்தது. இதற்கா துரோகம் என்று சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், கதை நடப்பது போர்க்காலத்தில். புத்தகம் வந்த 1950-லும் இங்கிலாந்தில் சர்க்கரைக்கு ரேஷன்தான். மிட்டாய்க்கும் சர்க்கரைக்கும் கட்டுப்பாடு விலகியது 1953-ல். சர்க்கரைக்கு ஏங்கிய பிள்ளை வேறென்ன செய்யும்?

சரி, ஹெடிங்டன் குவாரி. ஹோலி டிரினிட்டி தேவாலயம் சின்னதுதான். எப்போதும் திறந்திருக்காது, என் நல்ல நேரம், திறந்திருந்தது. உள்ளே என்னைத் தவிர ஆளே இல்லை. லூயிஸ் வழக்கமாக உட்கார்ந்த இருக்கை ஒரு தூணோரம், சின்னப் பலகையோடு இருக்கிறது. பக்கத்தில்தான் நார்னியா ஜன்னல். தேவாலயம் என்றாலே வண்ணக் கண்ணாடிதான் என்று நினைத்துப் போனேன். இது நிறமில்லாத கண்ணாடியில் செதுக்கியது. சூரியனுக்குள்ளிருந்து அஸ்லானின் முகம் பார்க்கிறது, கீழே நார்னியாவின் கேர் பேரவெல் கோட்டை. கண்ணாடி வழியே வெளியிலிருக்கும் மரங்களும் தெரிவதால், காற்றடித்தபோது கோட்டைக்குப் பின்னால் நிஜ இலைகள் அசைந்தன. டாக்ஸிக்காரரை அங்கேதான் கொஞ்சம் மன்னித்தேன்.

வெளியே லூயிஸின் கல்லறை. அண்ணன் வாரனும் அதிலேயே. லூயிஸ் இறந்த நாள் 1963 நவம்பர் 22. அன்றுதான் கென்னடியும் சுடப்பட்டார். செய்தித்தாளில் எழுத்தாளருக்கு எங்கே இடம்?

அவர் வாழ்ந்த தி கில்ன்ஸ் வீடு நடக்கிற தூரம்தான். ஆனால் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நான் செய்யவில்லை, செய்துவிட்டுப் போங்கள். பக்கத்துக் குளக்கரையில் உட்கார்ந்து, வாங்கியிருந்த சாண்ட்விச்சைத் தின்றேன். முன்பு செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளமாம். லூயிஸ் அதில் நீந்துவாராம்.

மிச்ச டர்கிஷ் டிலைட்டை இரவு விடுதி வரவேற்பில் நீட்டினேன். அந்தப் பெண் நன்றி சொல்லி ஒன்றே ஒன்று எடுத்தார், கடித்துவிட்டுப் பெட்டியை மெதுவாக என் பக்கமே தள்ளினார்.