ஞானப்பூவின் வயது

அம்மா போன பிறகு அவள் பெட்டியில் அட்டை பிய்ந்த ஒரு வேதாகமம் கிடைத்தது. முன்பக்க வெற்றுத் தாளில் பழைய மசியில் சில பிறந்த நாள்கள் எழுதியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஆச்சியின் பெயர், பக்கத்தில் ‘கொல்லம் 1080 தை’. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அப்போதெல்லாம் கொல்லம் ஆண்டுதான். தையிலிருந்து ஆடி வரை என்றால் 825 கூட்ட வேண்டும், ஆவணியிலிருந்து மார்கழி வரை 824. அப்படிப் பார்த்தால் ஆச்சி 1905இல் பிறந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் யார் என்று தாளில் ஒன்றும் இல்லை.

வீட்டில் வாய்வழியாக வந்தது ஒரே ஒரு செய்திதான். ஆச்சியின் அம்மா, அதாவது என் பூட்டி, தாது வருஷத்துப் பஞ்சத்தில், அதாவது 1876–78 பஞ்சத்தில், பிறந்தவள். அந்தப் பஞ்சத்திலேயே ‘ஞானப்பூ’ இறந்துபோனாள். ஞானப்பூ யார் என்று கேட்டால், பூட்டியின் அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுச் செத்தவள் என்று நாங்களும் நம்பினோம். அவள் ஞாபகமாக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்கு ஞானப்பூ என்று பெயர் வைத்தார்கள்.

லண்டனில் இருக்கும் என் மருமகன், “அத்தை, சென்சஸ்ல தேடிப் பாருங்க” என்றான். அங்கே 1921 கணக்கெடுப்பை நூறு வருஷம் கழித்து 2022இல் திறந்துவிட்டார்களாம். அவன் இப்போது குடியிருக்கும் வீட்டில் அன்று யார் யார் இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று வீட்டிலிருந்தே எடுத்துவிட்டான். நம் நாட்டில் அந்த வழி இல்லை. சென்னை மாகாணத்தில் 1871இல் எண்ணினார்கள். 1881 பிப்ரவரி 17ஆம் தேதி இரவு நாடு முழுக்க ஒரே சமயத்தில் எண்ணினார்கள். ஆனால் நமக்குக் கிடைப்பது தாலுகாவுக்கு இத்தனை பேர், இன்ன மதம் இத்தனை பேர் என்ற அட்டவணைகள்தான். எங்கள் வீட்டுக்காரர்கள் ஏதோ ஒரு கூட்டுத்தொகைக்குள் இருக்கிறார்கள், பெயர் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி தனி ஆளைப் பற்றிய விவரம் இரகசியம். பட்டா, கிரயப் பத்திரம் பார்க்கலாம்தான். எங்கள் ஆட்கள் பனையேறிகள், அன்றைக்கு அவர்கள் பேரில் ஏது பத்திரம்? இருந்திருந்தாலும் அதில் பெண் பெயர் வருவது அபூர்வம்.

ஆக, மிச்சம் கோவில் புத்தகங்கள், அதாவது எங்கள் சபையின் பதிவேடுகள்.

எங்கள் பூர்வீக ஊர் நாசரேத்துக்குத் தெற்கே, தேரி மணல் சிவந்து கிடக்கும் பக்கம். சேகரத்துக் குருவானவரிடம் போய்க் கேட்டேன். அரை மணி நேரம் தந்தார். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்குட்டி பீரோவைத் திறந்து மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தார்: ஞானஸ்நானம், விவாகம், அடக்கம். ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. அவசர அவசரமாகப் புரட்டினேன். அடக்கப் புத்தகத்தில் 1878 தொடக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘ஞானப்பூ’. அடுத்த கட்டத்தில் ‘ஞானமுத்துவினுடைய’. அதற்கடுத்து ‘அ’ என்று ஓர் எழுத்து. கடைசியில் ‘பேதி’. ஞானமுத்து என்பது பூட்டியின் அப்பா, அது எங்களுக்குத் தெரியும். அப்படியானால் இவள் அவர் மனைவி. ‘அ’ என்றால் அடக்கம் என்பதன் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரியை மட்டும் செல்போனில் படம் எடுத்தேன். அன்று மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அந்தக் காலத்து ஏழைகளுக்குக் கல் கிடையாது, வெறும் மண்மேடுதான். எது அவளுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வேப்பமரத்தடியில் பூ வைத்து ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனேன். பூட்டியோடு பிறந்தவர்களைத் தேடலாம் என்று இந்த முறை ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்தேன். 1881இல் ஒரு ஆண்பிள்ளை. தகப்பன் ஞானமுத்து, தொழில் பனையேற்று. தாய் சாராள்.

முதலில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மனைவி செத்துவிட்டாள், குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும், மனுஷன் இரண்டாவதாகக் கட்டியிருப்பார். விவாகப் புத்தகத்தை எடுத்து 1878 முதல் 1881 வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கலியாணமே இல்லை.

அப்புறம்தான் பின்னோக்கிப் போனேன். பஞ்ச காலத்தில் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். 1877 கடைசியில் பக்கம் பக்கமாகப் பெரியவர்களின் ஞானஸ்நானம், குடும்பம் குடும்பமாக. பெரியவர்களுக்குப் பழைய பெயரையும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காக, குருவானவருக்கு உதவியாக இருந்து இதை எழுதிய உபதேசியாரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அங்கே இருந்தார்கள் எங்கள் ஆட்கள், ஒரே நாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக. சுடலைமுத்து, ஞானமுத்துவாக. இசக்கியம்மாள், சாராளாக. கீழே இரண்டு பிள்ளைகள். கைக்குழந்தை என் பூட்டி. அவளுக்கு மேலே ஞானப்பூ. வயதுக் கட்டத்தில் பூட்டிக்கு ‘க’, ஞானப்பூவுக்கு ‘அ’.

அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. சுருக்கெழுத்து இல்லை அது. தமிழ் எண். ௧ என்றால் ஒன்று, ௮ என்றால் எட்டு.

அடக்கப் புத்தகத்தை மறுபடியும் திறந்தேன். குருவானவர் எழுதிய பக்கங்களில் 1, 2, 3 என்று இப்போது நாம் எழுதும் எண்கள். உபதேசியார் கைப்பட எழுதிய பக்கங்களில் முழுக்கத் தமிழ் எண்கள். ஞானப்பூவுக்கு மேல்வரியில் ஒரு கிழவருக்கு ‘௬௰’, கீழ்வரியில் ஒரு குழந்தைக்கு ‘௨’. அன்றைக்கு முழுப் பக்கத்தையும் படம் எடுத்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். இதைப் படித்துவிட்டு யாராவது இப்படித் தேடக் கிளம்பினால் வரியை மட்டும் எடுக்காதீர்கள், பக்கத்தை எடுங்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுங்கள்.

பஞ்சத்தில் போனது பூட்டியின் அம்மா இல்லை. அவளுடைய அக்கா, எட்டு வயசுப் பிள்ளை. ஞானஸ்நானம் பெற்று மூன்று மாதம் முடியவில்லை. அம்மா சாராள் பிழைத்திருந்தாள். 1881, 1884, 1888 என்று அவள் பெயர் தாய் என்ற கட்டத்தில் மூன்று தடவை வருகிறது. ஒரு தடவை ‘சாறாள்’ என்று எழுதியிருக்கிறது. அவளுடைய அடக்கத்தையும் 1903இல் கண்டுபிடித்தேன். அங்கே எழுதியிருப்பது ‘ஞானமுத்துவின் விதவை’ என்று மட்டும்தான், அவள் பெயரே இல்லை. பிள்ளைகளின் ஞானஸ்நான வரிகள் இல்லாவிட்டால் சாராள் என்ற பெயரே எங்களுக்குக் கிடைத்திருக்காது. இசக்கியம்மாள் அதைவிடத் தூரம். நம் வீட்டுப் பெண்களைத் தேடுகிறவர்கள் அவர்கள் சாவில் தேடாமல் பிள்ளைகளின் பிறப்பில் தேட வேண்டும் என்று இந்த மூன்று புத்தகங்களோடு மல்லுக்கட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

இத்தனை வருஷமும் ஒரு கிழவியைப் போல நினைத்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாவம், அது ஒரு சின்னப் பிள்ளை.

ஊரிலிருந்து திரும்பும் வழியில் பாளையங்கோட்டையில் இறங்கிப் பெரியம்மையைப் பார்த்தேன். எண்பத்தெட்டு வயசு. ஆச்சியின் மக்களில் இன்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டி, சுடலைமுத்துவிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சத்தம்போட்டு வாசித்தேன். ஞானப்பூவுக்கு எட்டு வயசு என்றதும் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். அந்த ‘௮’வை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ எங்க அம்மைக்கு இவ பெரியம்மை முறைல்லா வரணும்” என்றாள்.

வேதாகமத்தை மடியில் எடுத்து வைத்து, ஆச்சியின் பெயருக்கு மேலே இருந்த காலி இடத்தைக் காட்டி, என்னை எழுதச் சொன்னாள். சாராள், அடைப்புக்குறிக்குள் இசக்கியம்மாள். அதற்குக் கீழே ஞானப்பூ. அதற்குக் கீழே பூட்டி. வயதைத் தமிழ் எண்ணிலேயே எழுதினேன்.