கரண்ட் போனாலும் மிஞ்சும் வீடியோ

ஹட்டனில் இன்று பின்னேரம் மழையோடு கரண்ட்டும் போனது. பக்கத்து மேசைத் தம்பி கம்ப்யூட்டர் திரையைப் பதிந்துகொண்டிருந்தார், இருபது நிமிடமாக. கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை.

எம்பி4 என்ற வீடியோ ஃபைல் வகையில் பதிந்திருக்கிறார்.

சாதாரண எம்பி4, எந்தக் காட்சி எங்கே என்ற அட்டவணையைப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் அணைந்தால் அட்டவணையே இல்லை. எம்கேவி என்ற இன்னொரு வகையில் அணைந்த நேரம் வரைக்கும் பெரும்பாலும் மிஞ்சும். திரையைப் பதியும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில் எம்கேவியாகப் பதிந்து, பிறகு ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ்’ கொடுங்கள். தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

டிசைன் விளக்கும் பதிவுக்கு வினாடிக்கு 60 ஃபிரேம் (படம்) எதற்கு? 15 போதும், அனிமேஷன் என்றால் 30. பிட்ரேட்டை, அதாவது வினாடிக்குச் சேமிக்கும் தரவின் அளவை, 2,500 கிலோபிட் என்று வைத்தால் 5 நிமிடம் கிட்டத்தட்ட 94 மெகாபைட். நம்ம மலைப்பக்க சிக்னலுக்கு அதுவே பாரம்.

எழுத்து மங்குகிறதா? பிட்ரேட்டைத் திட்டுவதற்கு முன் ஓபிஎஸ் செட்டிங்ஸில் பேஸ் (திரையின் அளவு), அவுட்புட் (பதியும் அளவு) இரண்டு ரெசலூஷனும் ஒன்றா என்று பாருங்கள்.

பதிந்தபடியே இணையத்தில் ஏற்றும் கருவிகள் லிங்க்கை உடனே தரும், வசதிதான். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் என் ஓட்டு கம்ப்யூட்டரிலேயே சேமிப்பதற்குத்தான்.

ஒரு பட்டனின் நிறம் பிழை என்று சொல்ல வீடியோவே வேண்டாம். ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். விண்டோஸில் அதை எடுக்கும் ஷேர்எக்ஸ் மென்பொருள் இலவசம். அம்புக்குறி, எண் எல்லாம் போடலாம். பிஎன்ஜியில் சேமியுங்கள், ஜேபெக்கில் சிறிய எழுத்தின் ஓரம் கலங்கும்.

படத்தில் கடவுச்சொல் தென்பட்டால் அதை மங்கலாக்க வேண்டாம். கறுப்புக் கட்டம் போட்டு மூடுங்கள்.