எஃகு ஆலைகளும் அதிகாரப் பிரிவினையும்

அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் மூன்று கட்டங்களை வரைந்து, ஒன்றில் காங்கிரஸ், ஒன்றில் அதிபர், ஒன்றில் நீதிமன்றம் என்று எழுதி, சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, விளக்குவது என வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. அந்தப் படம் பிழையென்று சொல்ல முடியாது; ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அரசு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவும் முடியாது. என்னைக் கேட்டால், 1952-ஆம் ஆண்டின் எஃகு ஆலை வழக்கை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு அந்த அரசியலமைப்புச் சாசனம் எழுதப்பட்ட 1787-க்குத் திரும்பிப் போவதே நல்ல வழி என்பேன்.

கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊதிய உயர்வு கேட்ட எஃகுத் தொழிலாளர் சங்கத்துக்கும், விலையை உயர்த்த அனுமதித்தால்தான் ஊதியத்தை உயர்த்துவோம் என்ற நிறுவனங்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை முறிந்து, வேலைநிறுத்தம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு அதிபர் ட்ரூமன் நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுமாறு வணிகத்துறைச் செயலர் சார்ல்ஸ் சாயருக்கு ஆணையிட்டார். போர்முனைக்குத் தளவாடம் போவது தடைபடக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அதற்கான அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. 1947-இல் நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வேறொரு வழியைக் காட்டியிருந்தது: நீதிமன்றத்தின் மூலம் வேலைநிறுத்தத்தை 80 நாட்கள் தள்ளிப்போடலாம். ட்ரூமன் அந்தச் சட்டத்தைத் தம் வீட்டோவால், அதாவது ஒப்புதல் மறுக்கும் அதிகாரத்தால், தடுத்துப் பார்த்து, காங்கிரஸ் அந்த வீட்டோவையும் மீறி நிறைவேற்றியது என்பதால், அதைக் கையில் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். அதே சட்டத்தை விவாதித்தபோது, ஆலைகளைக் கைப்பற்றும் அதிகாரத்தையும் சேர்க்கலாமா என்று பார்த்துவிட்டு வேண்டாமென்று காங்கிரஸ் விட்டுவிட்டது என்பதுதான் வழக்கின் உயிர்நாடியாக அமைந்தது.

நிறுவனங்கள் வாஷிங்டனில் மாவட்ட நீதிபதி டேவிட் பைன் முன்னிலையில் வழக்குத் தொடுத்தன. அரசுக்காக வாதாடிய துணைத் தலைமை வழக்கறிஞர் ஹோம்ஸ் பால்ட்ரிட்ஜிடம், அதிபரின் அதிகாரத்துக்கு எல்லைதான் எது என்று நீதிபதி கேட்டார். இரண்டே எல்லைகள், ஒன்று வாக்குப்பெட்டி, மற்றொன்று பதவிநீக்க விசாரணை என்பது அவர் தந்த பதில். ஓர் அரசு வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு இதைவிடக் கெடுதல் செய்திருக்க முடியாது. நீதிமன்றத்துக்கு இங்கே இடமே இல்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்ன அந்தப் பதில் நாளேடுகளில் வந்ததும், எஃகு விலையைப் பற்றிய தகராறு அரசியலமைப்பைப் பற்றிய தகராறாக மாறிவிட்டது. ஏப்ரல் 29-ஆம் தேதி பைன் அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

இங்கே சற்று நிறுத்தி 1787-க்குப் போகலாம். சாசனத்தை எழுத ஃபிலடெல்ஃபியாவில் கூடிய 55 பேரும் மன்னராட்சியைக் கண்டு அஞ்சியே அதிகாரத்தைப் பிரித்தார்கள் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மைதான். பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜைப் பற்றிய கசப்பு இருந்தது. ஆனால் விடுதலைக்குப் பின் வந்த பத்தாண்டில் அவர்கள் கண்ணெதிரே அத்துமீறியவை மாநிலச் சட்டமன்றங்கள். புதிதாக எழுதப்பட்ட மாநிலச் சாசனங்கள் ஆளுநர்களைப் பெயரளவில் வைத்துவிட்டு அதிகாரத்தையெல்லாம் சட்டமன்றத்தின் கையில் கொடுத்திருந்தன. பென்சில்வேனியாவின் 1776-ஆம் ஆண்டுச் சாசனத்தில் ஒற்றை ஆளுநர்கூட இல்லை, ஒரே ஓர் அவைதான். சட்டமன்றங்கள் கடன்களைத் தள்ளிவைத்தன, காகிதப் பணத்தை அச்சடித்தன, நீதிமன்றம் முடித்த வழக்குகளிலும் தலையிட்டன. சட்டமன்றம் எல்லா அதிகாரத்தையும் தன் சுழலுக்குள் இழுத்துக்கொள்கிறது என்று சாசனத்தை வகுத்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன், அதை ஆதரித்து வெளிவந்த பெடரலிஸ்ட் கட்டுரைகளின் 48-ஆவது கட்டுரையில் எழுதியது இந்த அனுபவத்தை வைத்துத்தான். அதிகாரத்தின் எல்லைகளைச் சாசனத்தில் எழுதிவைத்தால் போதும் என்போருக்கு, அவை வெறும் தோல்தாள் வேலிகள் என்று அதே கட்டுரையில் பதில் சொன்னார்.

அப்படியானால் வேறு எது காக்கும் என்ற கேள்விக்கு அவர் 1788 பிப்ரவரியில் வெளியான 51-ஆவது கட்டுரையில் சொன்ன விடை, பதவியாசையைப் பதவியாசையே எதிர்த்து நிற்கும்படி செய்யவேண்டும் என்பது. ஒவ்வொரு துறையிலும் இருப்பவர் தம் இடத்தின் உரிமையைத் தம் சொந்த நலனாகக் கருதிக் காப்பார் என்ற கணக்கு அது. அதற்காகத்தான் சாசனம் அதிகாரங்களைக் கறாராகப் பிரிக்காமல் ஒன்றில் மற்றொன்றைக் கலந்து வைத்திருக்கிறது. சட்டமியற்றும் வேலையில் அதிபருக்கு வீட்டோ உண்டு. நியமனங்களிலும் உடன்படிக்கைகளிலும் செனட்டுக்குப் பங்கு உண்டு. படைக்குத் தலைவர் அதிபர், ஆனால் போரை அறிவிப்பதும் படைக்குப் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ். முற்றிலும் பிரித்துவைத்தால் ஒருவரை ஒருவர் தடுக்கும் கைப்பிடியே இல்லாமல் போய்விடும். அதிகாரப் பிரிவினையை வலியுறுத்திய பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவைக் காட்டி இந்தக் கலப்பை எதிர்த்தவர்களுக்கு, அவர் கண்டித்தது ஒரு துறையின் முழு அதிகாரமும் இன்னொரு துறையின் கைக்குப் போவதை மட்டுமே என்று 47-ஆவது கட்டுரையில் மேடிசன் விளக்கியிருந்தார்.

எஃகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அந்த அமர்வில் இருந்த ஒன்பது நீதிபதிகளும் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். நால்வர் ட்ரூமனே நியமித்தவர்கள். 1952 ஜூன் 2-ஆம் தேதி, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ட்ரூமன் தோற்றார். அவர் நியமித்தவர்களில் பர்ட்டனும் கிளார்க்கும் அவருக்கு எதிராக நின்றார்கள். நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக், அதிபரின் அதிகாரம் காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலிருந்தோ சாசனத்திலிருந்தோதான் வரமுடியும், இந்த ஆணைக்கு இரண்டும் இல்லை, இது சட்டமியற்றும் செயல் என்று சில பக்கங்களில் முடித்துவிட்டார். பெரும்பான்மையில் இருந்த மற்ற ஐவரும் ஆளுக்கொரு தனிக் கருத்தை எழுதினார்கள். இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுவது பிளாக்குடையதை அல்ல, அவற்றுள் ஒன்றான ராபர்ட் ஜாக்சனின் கருத்தைத்தான்.

ஜாக்சன் அதிபரின் அதிகாரத்தை மூன்று நிலைகளாகப் பார்த்தார். காங்கிரஸின் ஒப்புதலோடு செயல்படும்போது அது உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது அது அந்திவெளிச்சம் போன்ற பகுதி. அங்கே சூழ்நிலைதான் முடிவு செய்யும். காங்கிரஸின் விருப்பத்துக்கு மாறாகச் செயல்படும்போது அது அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. ட்ரூமனின் ஆணை மூன்றாவது நிலையில் வருகிறது என்றார். இதில் எனக்குப் பிடித்தது ஓர் அடிக்குறிப்பு. 1941-இல் ரூஸ்வெல்ட் கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில் ஒரு விமானத் தொழிற்சாலையைக் கைப்பற்றியபோது அதை நியாயப்படுத்தி அறிக்கை விட்ட தலைமை வழக்கறிஞர் இதே ஜாக்சன்தான். அரசுத் தரப்பு அந்தப் பழைய அறிக்கையை அவர் முன்னால் நீட்டியபோது, வழக்கில் ஒரு தரப்பின் வழக்கறிஞர் சொன்னதை நீதிபதி ஆதாரமாக ஏற்கமுடியாது, அந்த வழக்கறிஞர் நானாகவே இருந்தாலும் சரி என்று எழுதிவிட்டார். இடம் மாறினால் அந்த இடத்தின் கடமையும் மாறும் என்ற மேடிசனின் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பலித்த தருணங்கள் குறைவு. தம் விருப்பப்படி படையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அதையே காரணமாகக் காட்டி உள்நாட்டில் தம் ஆதிக்கத்தைப் பெருக்கிக்கொள்ள அதிபரால் முடியும் என்பதைவிட ஆபத்தான கோட்பாடு வேறில்லை என்றும் அவர் எச்சரித்தார். கொரியாவுக்குப் படை அனுப்பியபோது காங்கிரஸ் போரை அறிவித்திருக்கவில்லை.

தீர்ப்பு வந்த அன்றே ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் தொடங்கி 50 நாட்களுக்கு மேல் நீடித்தது. ஆலைகளை எடுக்க அதிகாரம் தருமாறு அவர் கேட்டதற்குக் காங்கிரஸ் இணங்கவில்லை. படையோ பணமோ இல்லாத நீதிமன்றத்தின் ஒரு வார்த்தைக்குப் போர்க்கால அதிபர் பணிந்தார் என்பதை வியந்து பேசுவோர் பலர். அந்த வியப்பில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையும் ஹியூகோ பிளாக்கின் பெயரோடுதான் தொடங்குகிறது. எஃகு முதலாளிகளின் சொத்துக்காக 1952-இல் அதிபரைத் தடுத்த அதே பிளாக், 1944 டிசம்பரில் கொரெமாட்சு வழக்கில், ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றிய ஆணை செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர். ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த வழக்கில் பெரும்பான்மைக்கு மாறுபட்டு எழுதியவர்களில் ஜாக்சன் ஒருவர். இரண்டு வழக்குகளுக்கும் இடையே நீதிபதிகளின் மனநிலை மட்டும் வேறுபடவில்லை, அமைப்பு நின்ற நிலையே வேறு. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் இட்ட ஆணைக்கு அடுத்த மாதமே காங்கிரஸ் சட்டம் இயற்றிப் பின்பலம் கொடுத்தது. ஜாக்சனின் அட்டவணைப்படி பார்த்தால், அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருந்த முதல் நிலை அது. இரண்டு துறைகளும் மோதிக்கொண்டால்தான் மேடிசனின் பொறி வேலை செய்யும். வாக்குப் பலம் இல்லாத ஒரு சிறுபான்மைக்கு எதிராக இரண்டும் கைகோத்துவிட்டால், 1791-இல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட அடிப்படை உரிமைகளின் பட்டியலும் அதை எடுத்து நிறுத்தத் துணியும் நீதிபதிகளும் மட்டுமே மிச்சம். 1944-இல் அந்தத் துணிவு மூவருக்குத்தான் இருந்தது. 1988-இல் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்க வகைசெய்தது. அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்ட அன்றே தவறானது என்று உச்ச நீதிமன்றம் எழுத 2018 வரை ஆனது.

இந்தப் பொறி செயலிழக்க இன்னொரு வழியும் உண்டு, அது ஆரவாரமில்லாதது. தன் விரல்களினூடே அதிகாரம் நழுவாமல் தடுக்கக் காங்கிரஸால் மட்டுமே முடியும், நீதிமன்றத்தால் முடியாது என்று ஜாக்சன் 1952-லேயே எழுதியிருந்தார். அதிபர்கள் அவசரநிலையை அறிவிப்பதைக் கட்டுக்குள் வைக்க 1976-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது; இரு அவைகளும் தீர்மானம் போட்டாலே, அதிபரின் ஒப்புதல் இல்லாமல், அவசரநிலை முடிந்துவிடும் என்றிருந்தது. 1983-இல் சட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, எல்லாம் அதிபரின் முன் வைக்கப்பட வேண்டும் என்றது. விளைவாக 1985-இல் சட்டம் திருத்தப்பட்டபோது அதிபரின் அவசரநிலையை முடிக்க அதிபரின் கையெழுத்தே தேவை, அல்லது இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றாகிவிட்டது. கடிவாளம் போடச் செய்த சட்டம் குதிரைக்கே கடிவாளத்தைக் கொடுத்துவிட்டது.

2019 பிப்ரவரியில் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக அதிபர் ட்ரம்ப் கேட்ட 570 கோடி டாலருக்குப் பதிலாகக் காங்கிரஸ் 137.5 கோடியை ஒதுக்கியபோது, அவர் அவசரநிலையை அறிவித்து வேறு ஒதுக்கீடுகளிலிருந்து பணத்தைத் திருப்பினார். இரு அவைகளும் அதை முடிக்கத் தீர்மானம் நிறைவேற்றின. அவர் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. பணத்தைக் காங்கிரஸ் மறுத்ததைப் பார்த்தால் இது ஜாக்சனின் மூன்றாவது நிலை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்தால் முதல் நிலை என்று அரசு வாதிடலாம். எது சரி என்பதற்கு உச்ச நீதிமன்றம் முடிவான தீர்ப்பு எதையும் சொல்லவில்லை. வழக்குகள் நடந்துகொண்டிருக்கையில் செலவைத் தொடர மட்டும் அது இடம்கொடுத்தது; 2021 ஜனவரியில் அடுத்த அதிபர் பதவியேற்று அந்த அவசரநிலையை முடித்துவைத்தார்.